சோதனைக்கு ஒரு நெஞ்சுவலி

என் தம்பி வேலையில் இருந்தபோது கடைவீதியில் அவனுக்கு எடைக்கல் என்று பெயர். முத்திரை ஆய்வாளர் உத்தியோகம். கடைகளின் தராசையும் கற்களையும் சோதித்து, சரியாக இருந்தால் முத்திரை குத்த வேண்டும், இல்லாவிட்டால் வழக்குப் போட வேண்டும். முப்பத்துமூன்று வருடம் அதைச் செய்தான். அவன் தெருமுனையில் திரும்பும்போதே எடையை ஏமாற்றத் தராசுத் தட்டுகளின் அடியில் ஒட்டிய மெழுகெல்லாம் உரிந்து விழுந்துவிடும் என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். யாரிடமும் ஒரு ஆரஞ்சுப் பழத்தைக்கூட இனாமாக வாங்கித் தின்றதில்லை. எங்கள் குடும்பத்தார் பெயர் எந்த வம்பு வழக்கிலும் ஏறியது கிடையாது. அவன் பெயர் மட்டும் கடைக்காரர்களின் சாபத்தில் ஏறியிருந்தது. அதை நாங்கள் பெருமையாகவே வைத்துக்கொண்டோம்.

அவன் ஓய்வு பெற்ற மறுவாரம் ஓய்வூதிய அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. மாதாமாதம் ஓய்வூதியத்தில் ஒரு தொகையைப் பிடித்துக்கொண்டு அவனுக்கும் மனைவிக்கும் அரசாங்க மருத்துவக் காப்பீடு தருவார்கள். வேண்டாம் என்றால் தொண்ணூறு நாளுக்குள் எழுதிக் கொடுத்து விலகிக்கொள்ளலாம். விலகியவர் மறுபடி சேர முடியாது.

அன்றிலிருந்து அவன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் சாப்பாட்டுக்கு இடமில்லை. ஒரு பக்கம் அரசாங்கக் காகிதங்கள். மறுபக்கம் எங்கள் தங்கை மகன் கொண்டுவந்து கொடுத்த வழவழப்பான புத்தகங்கள். அவன் தனியார் காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் முகவர். நடுவில் என் தம்பி, பூதக்கண்ணாடியோடு. எழுத்து சிறியதாக இருக்கும் இடத்தில்தான் ஏமாற்று இருக்கும் என்பது அவன் கணக்கு.

மழை விடாமல் பெய்த ஒரு மாலை தங்கை மகன் வந்திருந்தான். நானும் இருந்தேன். என் தம்பி மனைவி கடைக்குப் போயிருந்தாள். அவர்கள் வீடு மூன்றாவது மாடி.

“அரசாங்கக் கார்டுன்னா அவங்க பட்டியல்ல இருக்கற ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும் மாமா. பொது வார்டு. எட்டுக் கட்டில். பக்கத்துக் கட்டில்காரன் இருமினா உங்க தூக்கம் போச்சு. எங்களுதுல தனி ரூம். உள்ள நுழைஞ்சதும் உக்கார வச்சுத் தண்ணி குடுப்பாங்க” என்றான்.

“தண்ணி எதுக்குக் குடுக்கறான்?”

“தாகத்துக்குத்தான் மாமா.”

“எனக்கு டீ வாங்கிக் குடுக்க வந்த கடைக்காரன் எல்லாம் என் தாகத்தைப் பாத்துத்தான் வந்தானா?”

தங்கை மகன் என்னைப் பார்த்துச் சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

“இதுல உனக்கு எவ்வளவு கமிஷன்?”

“மாமா! சொந்தத்துக்குள்ள போய் இதையெல்லாம் கேக்கலாமா?”

“சொந்தம்னு கமிஷனை வேண்டாங்கப் போறியா?”

அவன் தேநீர்க் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டான். “சந்தேகமா இருந்தா ரெண்டையும் வச்சுக்குங்க” என்றான்.

“ரெண்டுக்கும் கட்டினா அப்புறம் பசிக்குத்தான் தனியா காப்பீடு எடுக்கணும்.”

நான் ஒன்று கேட்டேன். “அரசாங்கத்துல ஏற்கெனவே இருக்கற வியாதிக்கும் உண்டுன்னு போட்டிருக்கே. உங்களுதுல?”

“மூணு வருஷம் கழிச்சுத்தான் பெரிய மாமா. ஆனா அது வியாதி இருக்கறவங்க பாக்க வேண்டியது. இந்த வீட்டுல யாருக்கு என்ன?”

“ஒருத்தருக்கும் ஒண்ணும் இல்ல” என்று நான்தான் சொன்னேன். எங்கள் அப்பா எண்பத்தொன்பது வயது வரை பல் வலிக்குக்கூட மருத்துவரிடம் போனதில்லை. எங்கள் குடும்பம் அப்படி.

அப்போது கதவு திறந்தது. தம்பி மனைவி பையைக் கீழே வைத்துவிட்டு, நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாங்கள் பேசியது அவள் காதில் விழுந்திருக்கும்.

“ரொட்டி வாங்கப் போனவ முக்கால் மணி நேரமா?” என்றான் தம்பி. “எந்தப் படியில யார்கூட உக்காந்து பேசிட்டிருந்த?”

“ஒவ்வொரு படிகூடயும்தான்” என்றுவிட்டு அவள் உள்ளே போனாள். தங்கை மகன் நன்றாகச் சிரித்தான். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

தம்பி எதையும் கேட்டுத் தெரிந்துகொள்கிறவன் அல்ல. வேலையில் அவனுக்கு ஒரு முறை இருந்தது. யாரென்று தெரியாத ஒருவரைக் கடைக்கு அனுப்பி ஒரு கிலோ சர்க்கரை வாங்கச் சொல்வான். அவர் வெளியே வந்ததும் பொட்டலத்தை வாங்கித் தன் தராசில் நிறுப்பான். கூடவே ஒரு சாட்சி இருக்க வேண்டும். சாட்சி இல்லாமல் வழக்கு நிற்காது.

“ரெண்டு ஆஸ்பத்திரியையும் அப்படித்தான் பாக்கப் போறேன். அண்ணே, நீங்க சாட்சி” என்றான்.

முதலில் அரசாங்கப் பட்டியலில் இருந்த மருத்துவமனை. தம்பி தனக்கு முழங்கால் வலி என்று சொன்னான். கொஞ்சம் நொண்டியும் காட்டினான். எங்களுக்கு எழுபத்தாறாம் எண் சீட்டு. மர பெஞ்சில் எனக்கு ஒரு பக்கம் ஈரக் குடை வைத்திருந்த பெண்மணி, மறுபக்கம் காலில் கட்டுப் போட்ட லாரி ஓட்டுநர். இரண்டு மணி நாற்பது நிமிடம் உட்கார்ந்தோம். எங்கள் குடும்பத்தில் யாரும் கையில் சீட்டோடு, பெயர் இல்லாமல் எண்ணாக உட்கார்ந்ததில்லை. மருத்துவர் தம்பியின் முழங்காலை இரண்டு தரம் மடக்கிப் பார்த்து, “ஒண்ணும் இல்ல, நடங்க” என்றார். காசு கேட்கவில்லை. எக்ஸ்ரே அறைக் கதவில் பழுது என்று எழுதி ஒட்டியிருந்தது.

தம்பி தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டான். தாமதம். எக்ஸ்ரே இல்லை. ஊழியர் கொட்டாவி, நான்கு முறை.

“இருந்தாலும் ஒண்ணும் இல்லாததை ஒண்ணும் இல்லன்னுதானே சொன்னாரு?” என்றேன் வெளியே வந்ததும்.

“அவர் பாக்கவே இல்ல அண்ணே. பாக்காம சொன்னது சரியா இருந்தாலும் தப்புதான்.”

அப்போதே நான் அவனைத் தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை. “நம்ம குடும்பத்துக்கு இந்தப் பெஞ்சு வேண்டாம்” என்று நான் வேறு சொன்னேன். அன்றைக்கே தம்பி ஓய்வூதிய அலுவலகத்துக்குப் போய் விலகல் கடிதத்தைக் கொடுத்து, ரசீதும் வாங்கிக்கொண்டான். கடிதம் வந்த ஐம்பத்திரண்டாம் நாள் அது.

ஆனால் தனியார் படிவத்திலும் கையெழுத்துப் போடவில்லை. அங்கேயும் சோதிக்காமல் போட மாட்டேன் என்று நாளை ஓட்டினான். தங்கை மகன் நாலு தரம் வந்து பேனாவை நீட்டிவிட்டுப் போனான்.

எண்பதாம் நாள் சோதனைக்குக் கிளம்பினோம். இந்தச் சோதனை வேறு மாதிரி. வேலையில் இருந்தபோது பொருள் குறைகிறதா என்று பார்த்தான். இங்கே கூடுகிறதா என்று பார்க்க வேண்டும். காசுக்கு ஆசைப்பட்டு, ஒன்றும் இல்லாதவருக்கு வியாதி கட்டுகிறார்களா என்பதுதான் கேள்வி. ஆரோக்கியமான ஓர் ஆளை அனுப்ப வேண்டும். அந்த ஆள் அவன் மனைவி.

காரில் போகும்போது சொல்லிக்கொடுத்தான். “நெஞ்சு வலிக்குதுன்னு சொல்லு. இடது பக்கம். கையில இறங்குதுன்னு சொல்லு. ரொம்ப இழுக்காத. நிறையச் சொன்னா கண்டுபிடிச்சிடுவாங்க.”

“சரி” என்றாள். ஜன்னல் கண்ணாடியில் மழைத்துளி ஓடுவதைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

தங்கை மகன் சொன்னது பொய்யில்லை. நுழைந்ததும் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். தம்பி குடிக்கவில்லை. கால் மணி நேரத்தில் உள்ளே கூப்பிட்டார்கள். இளம் பெண் மருத்துவர். நாங்கள் இரண்டு பேரும் சுவரோரம் நின்றோம்.

“என்னம்மா செய்யுது?”

“வலின்னு சொல்ல முடியாது டாக்டர்” என்றாள் தம்பி மனைவி. “படி ஏறும்போது யாரோ உள்ளங்கையை வச்சு நெஞ்சை அமுக்கற மாதிரி இருக்கும். மூணு மாடி ஏறறதுக்குள்ள ரெண்டு தடவை உக்காரணும். உக்காந்தா போயிடும். முன்னெல்லாம் ஒரு தடவை உக்காந்தாப் போதும். போன மாசம் துணி காயப்போடும்போது கண்ணு இருட்டிடுச்சு. கொடியைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். ராத்திரி ரெண்டு தலையணை வச்சுத்தான் படுக்கறேன்.”

தம்பி என் காதருகே குனிந்தான். “பாத்தீங்களா அண்ணே? நான் சொல்லிக் குடுக்காததையெல்லாம் சேத்துச் சொல்றா. இவளை நான் வேலைக்கே கூட்டிட்டுப் போயிருக்கலாம்.”

மருத்துவர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். மறுபடி வேறு இடத்தில் வைத்துக் கேட்டார். ஸ்கேன் அறைக்கு அனுப்பினார். ஒரு மணி நேரம் கழித்து எங்களை உட்காரச் சொன்னார்.

“இதயத்துல ஒரு வால்வு ரொம்பச் சுருங்கியிருக்கு. ரத்தம் வெளிய போற வழி அடைபட்டுட்டே வருது. ஆபரேஷன் பண்ணணும். ரெண்டு மூணு மாசத்துக்கு மேல தள்ளக்கூடாது.”

தம்பி எழுந்து நின்றான். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். கள்ளத் தராசைக் கையும் களவுமாகப் பிடித்த நாட்களில் அவன் முகம் இப்படித்தான் இருக்கும்.

“பிடிச்சிட்டேன்” என்றான். “டாக்டரம்மா, இவங்களுக்கு ஒண்ணும் கிடையாது. நாங்க சோதனைக்கு வந்தோம். இவர் சாட்சி. இல்லாத வியாதிக்கு ஆபரேஷன் வரைக்கும் போயிட்டீங்க. உங்க பேரைச் சொல்லுங்க.”

மருத்துவர் விழித்தார். “சோதனையா? என்ன சோதனை?”

“அவர்தான் சோதனைக்கு வந்தாரு டாக்டர்” என்றாள் தம்பி மனைவி. “நான் காட்டிக்கத்தான் வந்தேன்.”

தம்பி குறிப்பேட்டைத் திறந்தான். பிறகு மூடினான்.

அப்போதும் அவன் நம்பிவிடவில்லை. ஒரு தராசை இன்னொரு தராசைக் கொண்டுதான் சோதிக்க வேண்டும் என்றான். மறுநாள் காலை அவளை அதே அரசாங்கப் பட்டியல் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனோம். ஸ்கேன் காகிதம் என் கோட்டுப் பையில் இருந்தது. காட்டக்கூடாது என்று சொல்லிவைத்திருந்தான். நூற்றுப் பதினாலாம் எண். நாலு மணி நேரம். அந்த வயதான மருத்துவர், முழங்காலை மடக்கிய அதே ஆள், அவள் நெஞ்சில் குழாயை வைத்து அரை நிமிடம் கேட்டார்.

“வால்வு” என்றார். “இத்தனை நாள் எங்கம்மா இருந்தீங்க? வீட்டுல யாரும் இல்லையா உங்களுக்கு?”

என் தம்பி அவள் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தான்.

வீட்டுக்கு வந்து மாடி ஏறினோம். முதல் மாடியில் அவள் உட்கார்ந்தாள். அவனும் இரண்டு படி கீழே உட்கார்ந்தான். நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“ஏன் எங்கிட்ட சொல்லல?” என்றான்.

“சொன்னா என்ன பண்ணுவீங்க? முதல்ல நான் சொல்றது நிஜமான்னு பாப்பீங்க. போன தடவை எனக்குத் தலைவலின்னப்போ காய்ச்சல் பாக்கற கருவியை ரெண்டு தரம் வச்சுப் பாத்தீங்க. அந்தச் சோதனைக்கெல்லாம் எங்கிட்ட மூச்சு இல்ல.”

“மூணு கிராம் குறைஞ்சாக் கண்டுபிடிச்சிடுவேன் நான்.”

“கடையில” என்றாள். பிறகு எழுந்தாள். “ஏறுவோம். அத்தான் எவ்வளவு நேரம் நிப்பாரு?”

அத்தான் என்றது என்னை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் என்னிடம் நிமிர்ந்து பேசியதில்லை. நானும் அதுதான் மரியாதை என்று இருந்துவிட்டேன்.

எண்பத்தெட்டாம் நாள் தங்கை மகனை வரச் சொன்னோம். அவன் ஸ்கேன் காகிதத்தைப் படித்துவிட்டு நெற்றியைத் தேய்த்தான்.

“மாமா, இது ஏற்கெனவே இருக்கற வியாதின்னு ஆயிடும். மூணு வருஷத்துக்கு இதயத்துக்கு எதுவும் கிடைக்காது. எடுத்துக்குவாங்களாங்கறதே சந்தேகம்.”

“மூணு வருஷம் சும்மா இருன்னு என் வால்வுகிட்ட யாரு போய்ச் சொல்றது?” என்றாள் அவள். ஆரஞ்சுப் பழத்தை உரித்துக்கொண்டிருந்தாள்.

தங்கை மகன் குரலைத் தணித்தான். “ஒரு வழி இருக்கு அத்தை. படிவத்துல வியாதி உண்டாங்கற இடத்துல இல்லன்னு டிக் பண்ணிடுங்க. கொஞ்ச நாள் கழிச்சு வேற ஊர் ஆஸ்பத்திரியில புதுசாக் கண்டுபிடிச்ச மாதிரி காட்டிக்கலாம். எல்லாரும் பண்றதுதான்.”

நான் ஒத்துக்கொண்டேன். அதை மறைக்க விரும்பவில்லை. என் பேத்திக்கு அப்போது வரன் பேசிக்கொண்டிருந்தோம். சின்னப் பாட்டிக்கு இதயக் கோளாறு என்று ஒரு காகிதத்தில் ஏறிவிட்டால் அது எங்கெல்லாம் போகும் என்று யாருக்குத் தெரியும்?

“வெளிய தெரியாம முடியும்னா அதுவே நல்லது” என்றேன்.

தம்பி என்னை அன்று பார்த்த மாதிரி கடைக்காரர்களைப் பார்த்துத்தான் நான் கண்டிருக்கிறேன்.

“தட்டுக்கு அடியில மெழுகு வைக்கச் சொல்றீங்களா அண்ணே?”

“நம்ம வீட்டு விஷயம்டா இது.”

“அவங்களும் அவங்க வீட்டுக்காகத்தான் வச்சாங்க. ஒருத்தனும் ஊருக்காக வைக்கல.” தங்கை மகன் பக்கம் திரும்பினான். “நாளைக்குக் கண்டுபிடிச்சாங்கன்னா ஆபரேஷன் நடுவுல காசு இல்லன்னு சொல்வாங்களா, மாட்டாங்களா? அதைச் சொல்லு.”

“சொல்வாங்க மாமா” என்றான் தங்கை மகன். அந்த வீட்டில் அவன் தயங்காமல் உண்மை சொன்னது அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். பேனாவைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, “நாளைக்கு ஆபீஸ் பத்து மணிக்குத் திறக்கும். விலகல் கடிதத்தைத் திருப்பி வாங்க முடியுமான்னு பாருங்க” என்றான்.

மறுநாள் ஒன்பதே முக்காலுக்கே போய்விட்டோம். எண்பத்தொன்பதாம் நாள். எங்களுக்கு முன்னால் பதினோரு பேர். அவளுக்கு உட்கார நாற்காலி இல்லை. தம்பி போய் எங்கிருந்தோ ஒரு மர முக்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தான். அவன் யாரிடமும் கேட்டு எதையும் வாங்கி நான் பார்த்ததில்லை. வரிசை நகர நகர முக்காலியையும் நகர்த்தினான்.

சன்னலில் இருந்தவர் ஒரு நடுத்தர வயது எழுத்தர். காலைத் தூக்கம் இன்னும் கண்ணில் இருந்தது.

“விலகினவங்க திரும்பச் சேர முடியாது சார்.”

“தொண்ணூறு நாள் இன்னும் முடியல.”

“நாள் முடியாட்டியும் கடிதம் மேல போய் உத்தரவு ஆகியிருந்தா முடிஞ்சது முடிஞ்சதுதான். எப்போ குடுத்தீங்க?”

தம்பி ரசீதை நீட்டினான். எழுத்தர் அதைப் பார்த்துவிட்டு அலமாரியைத் திறந்தார். கட்டுக்கட்டாகக் காகிதங்கள். ஒரு கட்டை எடுத்து ஊதினார். எச்சில் தொட்டுப் புரட்டினார். தம்பி மனைவி முக்காலியில் முன்னால் சாய்ந்து, சன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். இன்னொரு கட்டை எடுத்தார்.

“இதுவா?” என்று ஒரு காகிதத்தை உருவினார். தம்பியின் கையெழுத்து. கொடுத்த அன்று எப்படி இருந்ததோ அப்படியே, எந்த அதிகாரியும் ஒரு சுருக்கொப்பம்கூடப் போடாமல் இருந்தது. முப்பத்தேழு நாள்.

தம்பி வாயைத் திறந்தான். அவனை எனக்குத் தெரியும். ஒரு கடிதத்தை முப்பத்தேழு நாள் தூங்கவிட்டது யார், மேலதிகாரி எங்கே என்றெல்லாம் கேட்பதற்குத்தான் அந்த வாய் திறந்தது. திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டான்.

“உங்க நல்ல நேரம்” என்றார் எழுத்தர். “இதை நிரப்பிக் குடுங்க. காரணம் எழுதணும். சும்மா மனசு மாறிடுச்சுன்னெல்லாம் போட்டா அதிகாரி திருப்பி அனுப்பிடுவாரு. சரியான காரணம் வேணும்.”

“தனியாப் போய் எழுதிக் கொண்டுவரட்டுமா?” என்றேன். பின்னால் வரிசை நீண்டுவிட்டது. எல்லோர் கண்ணும் சன்னலில்தான் இருந்தது.

“போனா மறுபடி கடைசியில நிக்கணும் பெரியவரே.”

தம்பி பேனாவைத் திறந்தான். காரணம் என்ற இடத்தில், முத்திரைச் சான்றிதழில் எழுதுகிற அதே நேரான எழுத்தில், என் மனைவிக்கு இதய வால்வு நோய் என்று எழுதினான். அடுத்த கட்டம், நோய் எப்போதிலிருந்து. அங்கே பேனா நின்றது.

“என்ன சார்?” என்றார் எழுத்தர்.

“எனக்குத் தெரியாது” என்றான் என் தம்பி. உரக்கத்தான் சொன்னான். அந்த வார்த்தையை அவன் வாயிலிருந்து அறுபது வருடத்தில் நான் கேட்டதில்லை. காகிதத்தை அவள் மடியில் வைத்து, பேனாவைத் திருப்பி நீட்டினான். “நீயே எழுது. எப்ப மூச்சு வாங்க ஆரம்பிச்சது, எப்ப படியில உக்கார ஆரம்பிச்ச, எல்லாத்தையும் எழுது.”

அவள் குனிந்து எழுத ஆரம்பித்தாள். மெதுவாக எழுதினாள். வரிசையிலிருந்து கழுத்துகள் நீண்டன. எங்கள் வீட்டுப் பெண்ணின் நோயை நாலு பேர் எட்டிப் படிப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. கோட்டை இரண்டு பக்கமும் விரித்துப் பிடித்துக்கொண்டு, அவளுக்கும் வரிசைக்கும் நடுவில் போய் நிமிர்ந்து நின்றேன்.

எனக்கு நேர் பின்னால் தலை நரைத்த ஒருவர் கையில் அதே படிவத்தை வைத்திருந்தார். என் தோளைத் தொட்டார்.

“கொஞ்சம் தள்ளிக்குங்க சார். எங்க வீட்டுலயும் இதே வியாதிதான். எந்தக் கட்டத்துல என்ன எழுதறதுன்னே தெரியல. அந்த அம்மா எழுதறதைப் பாத்து எழுதிக்கறேன்.”

நான் அவரைப் பார்த்தேன். தம்பி மனைவி நிமிர்ந்து பார்த்துவிட்டு, அவருக்குத் தெரியும்படி காகிதத்தைச் சற்றுத் திருப்பி வைத்துக்கொண்டாள்.

நான் கோட்டை விட்டுவிட்டு, ஓரமாகத் தள்ளி நின்றேன்.